முதலில் சத்தம் நின்றது

உங்கள் இஞ்சின் ரசிகர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டீர்கள். ரேடியல் இஞ்சின் சத்தத்தின் இனிமை என்று தலைப்பையும் நீங்களே கொடுத்துவிட்டீர்கள். தலைப்பை நான் மாற்றிக்கொண்டேன். அந்த இனிமையைப் பற்றிப் பேசத் தெரியாதவன் இல்லை நான். ஒரு காலத்தில் பேச ஆரம்பித்தால் எதிரில் நிற்பவர் பஸ்ஸைத் தவறவிட வேண்டியதுதான். ஆனால் கள்ளக்குறிச்சியில் என் வீட்டுக்கு நீங்கள் மூன்று பேர் வந்து, என் காதில் ஹெட்போனை மாட்டி, ஒரு பழைய டேப்பைப் போட்டுக் காட்டிவிட்டுப் போனீர்களே, அன்றிலிருந்து எனக்கு அந்தப் பேச்சு வாயில் வரவில்லை. வேறொன்றுதான் வந்தது. அதை எழுதியிருக்கிறேன். போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். போட்டால் வெட்டாமல் போடுங்கள்.

என் பெயர் கோதண்டம். களமருதூர்க்காரன். பள்ளிக்கூடம் முடித்ததும் விமானப்படையில் சேர்ந்து ஒன்பது வருஷம் விமான இஞ்சின் மெக்கானிக்காக இருந்தேன். அங்கே கற்றதைச் சொல்ல ஒரு வரி போதும்: கையில் அழுக்கு இருக்கலாம், வேலையில் இருக்கக் கூடாது. வெளியே வந்த பிறகு, விமானத்தில் பறந்து பயிருக்கு மருந்தடிக்கும் ஒரு தனியார் கம்பெனியில் சேர்ந்தேன். எமர்ஜென்சிக்குக் கொஞ்சம் முன்னால். கரும்பில் தத்துப்பூச்சி விழுந்த வருஷங்கள் அவை. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த கரும்புக்குள் நுழைந்து கையால் மருந்தடிக்க முடியாது என்பதால் எங்களைக் கூப்பிடுவார்கள். கள்ளக்குறிச்சிக்கும் கச்சிராயபாளையத்துக்கும் நடுவில் புன்செய் நிலத்தை ரோலர் போட்டு இறுக்கி ஒரு மண் ஓடுபாதை செய்து கொடுத்தார்கள். தலைக்கு மேல் தார்ப்பாய், பக்கத்தில் மருந்து பேரல்கள், ஒரு இரட்டை இறக்கை விமானம். இவ்வளவுதான் எங்கள் விமான நிலையம்.

அந்த விமானத்தின் மூக்கில் இருந்தது ஒன்பது சிலிண்டர் ரேடியல். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காரில் சிலிண்டர்கள் வரிசையாக நிற்கும். ரேடியலில் மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி நடுத்தண்டைச் சுற்றி நாலாபக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். கிளப்பும்போது ஒன்பதும் ஒன்றாக எழுந்திருக்காது. முதலில் ஒன்று இருமும். குபீரென்று வெள்ளைப் புகை. பிறகு இரண்டு மூன்று சேர்ந்து தடுமாறும். இது கிளம்பாது என்று பார்ப்பவர் நினைக்கிற நேரத்தில் மீதியும் வந்து சேர்ந்துகொள்ளும். அப்புறம் அது இஞ்சின் சத்தம் இல்லை. தரை வழியாகக் கால் ஏறி நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அதைக் கேட்கவே ஜனம் வரும். விடிந்ததும் சைக்கிளிலும் நடந்தும் வந்து, நாங்கள் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்பார்கள். சங்கராபுரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த ஒரு தாசில்தார் ஆபீஸ் பியூன், கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வேலைக்குப் போவார். எல்லாரிலும் பெரிய பைத்தியம் ஜமால் பாய். கள்ளக்குறிச்சியில் மைக் செட் கடை வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர் செட்தான். "ஊரு சத்தமெல்லாம் நான் போடறேன் கோதண்டம். ஆனா இந்த மாதிரி ஒரு சத்தத்த என் குழாயில இதுவரைக்கும் போட்டதில்ல" என்பார். அவர் சொல்லும்போது அந்தச் சத்தம் என்னுடையது போல எனக்கு மார்பு விரியும். இந்தக் கதையில் என் புத்தி கெட்ட இடம் அதுதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு மேலே ராஜகோபால் சார். கம்பெனியின் தலைமை இஞ்சினியர். திருச்சிக்காரர், ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. இரண்டு மூன்று ஊர்களில் ஓடும் விமானங்களை அவர் ஒருவரே பார்க்க வேண்டும் என்பதால் வாரத்துக்கு ஒரு நாள் எங்களிடம் வருவார். இஞ்சின் ஓடும்போது எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்போம். அவர் சட்டைப் பையிலிருந்து பஞ்சு எடுத்துக் காதை அடைத்துக்கொள்வார். அடைத்துவிட்டு, இறக்கையைத் தாங்கும் கம்பியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து நிற்பார். நாடி பார்க்கும் வைத்தியர் அப்படித்தான் நிற்பார். ஒருநாள் நான் வாயைக் கொடுத்தேன்.

"சத்தம் எவ்ளோ அழகா இருக்குது, கேக்கவே மாட்டேங்கறீங்களே சார்?"

"அழகா இருந்தா எனக்கு பயமா இருக்கும் கோதண்டம். அழகுல மயங்கினவன் கண்ணுக்குக் கோளாறு தெரியாது."

அன்று மனசுக்குள் சிரித்தேன். ரசனை கெட்ட மனுஷன் என்று நினைத்தேன்.

அவர் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "எத்தனை?" இஞ்சினைக் கிளப்பும் முன்னால் புரொப்பல்லர் பிளேடைக் கையால் சுற்ற வேண்டும். பன்னிரண்டு பிளேடு எண்ண வேண்டும். 'எல்லாம் சரி சார்' என்ற பதில் அவரிடம் செல்லாது. எண்ணைச் சொல்ல வேண்டும். சொன்னால் நோட்டில் எழுதிக்கொள்வார். சும்மா நின்ற இஞ்சினில் எண்ணெய் மெல்லக் கசிந்து கீழ்ப்பக்கச் சிலிண்டர்களில் தேங்கும். காற்றை அழுத்தலாம், எண்ணெயை அழுத்த முடியாது. அப்படியே கிளப்பினால் பிஸ்டன் எண்ணெயில் மோதும், அதைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கையால் சுற்றும்போது எண்ணெய் இருந்தால் பிளேடு தடுத்து நிற்கும். நின்றால் அங்கேயே விட்டுவிட்டு, கீழ்ச் சிலிண்டர் பிளக்குகளைக் கழற்றி, எண்ணெயை வடித்து, துடைத்து, மறுபடி மாட்டி, மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். அரை மணி நேரத்துக்குக் குறையாது.

குறுக்கு வழி ஒன்று உண்டு. எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும், எவனும் வெளியில் சொல்ல மாட்டான். தடுத்த பிளேடைப் பின்பக்கமாகத் தள்ளினால் எண்ணெய் வால்வு வழியாகக் காற்றுக் குழாய்க்குள் ஓடிவிடும். தடை போய்விடும். சுற்றினால் சுற்றும், கிளப்பினால் கிளம்பும். ஆனால் எண்ணெய் எங்கேயும் போகவில்லை. கிளம்பிய கையோடு அதே சிலிண்டர் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ராடு வளையலாம், வளையாமலும் போகலாம். வளைந்தாலும் அன்றைக்கே உடையாது. பத்து மணி நேரமோ இருபது மணி நேரமோ ஓடி, அதற்கு வேண்டிய நாளில் உடையும்.

மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலை வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கல்வராயன் மலை இவ்வளவு பக்கத்திலா இருக்கிறது என்று தோன்றும்படி தெளிவு. மழை விட்டதால் அன்று கூட்டமும் ஜாஸ்தி. ஜமால் பாய் எங்கிருந்தோ ஒரு ஸ்பூல் டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கி, பேட்டரியோடு மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். கல்யாண வீட்டு மைக்கை ஸ்டாண்டோடு கொண்டுவந்து புரொப்பல்லருக்குப் பக்கவாட்டில் நட்டார். கிளம்பும் சத்தத்தை முதல் இருமலிலிருந்து பிடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. "மொத தடவையே புடிச்சுக்கணும் கோதண்டம். டேப்பு கம்மியா இருக்குது" என்று சொல்லிவிட்டு ரெக்கார்டரை ஓட விட்டார்.

பிளேடு சுற்றுவது என் உதவியாள் வீராசாமி. என்னைவிட இரண்டு வயது சின்னவன், ஏழெட்டு வருஷமாக என்னோடு வேலை செய்தவன். அவன் எண்ணிக்கொண்டே சுற்றினான். நாலாவது பிளேடில் நின்றது. அவன் தோளால் லேசாக அழுத்திப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

கேப்டன் மோகன் அதற்குள் ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டிருந்தார். கோயமுத்தூர்க்காரர், எவரையும் ஒருமையில் கூப்பிடாத மனிதர். வெயில் ஏறிக் காற்று கிளம்பினால் மருந்து பறந்துவிடும் என்பதால் அவருக்கு அவசரம் இருந்தது உண்மைதான். ஆனால் அதை ஒரு காரணமாக இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் அவசரப்படுத்தவே இல்லை. பிளக்கைக் கழற்ற அரை மணி நேரம் வேண்டும் என்று சொல்லியிருந்தால், சரிங்க என்று இறங்கி வந்து டீ குடித்திருப்பார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அத்தனை பேர் நின்றார்கள். மைக் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்பூல் சுற்றிக்கொண்டிருந்தது. அத்தனை பேர் முன்னால் என் இஞ்சினின் வயிற்றைத் திறந்து கறுப்பு எண்ணெயை வடித்துக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

பின்பக்கம் தள்ளச் சொன்னேன். வீராசாமி தள்ளினான். பிறகு முன்பக்கம் சுற்றினான், தடையில்லாமல் போயிற்று. கேப்டன் தலையை வெளியே நீட்டிக் கேட்டார், ராஜகோபால் சாரிடம் கற்றுக்கொண்ட அதே கேள்வியை:

"கோதண்டம், எத்தனைங்க?"

"பன்னண்டு சார்."

முதல் தடவையே பிடித்துக்கொண்டது. அவ்வளவு அழகாக அந்த இஞ்சின் அதற்கு முன் கிளம்பியதில்லை. ஜமால் பாய் கண் கலங்கிப்போய் நின்றார். ஜனம் கைதட்டியது. நான் கயிற்றுப் பக்கம் திரும்பி, நாடகக்காரன் மாதிரி லேசாகத் தலையைக் குனிந்தேன்.

அடுத்த பத்து நாளும் இஞ்சின் நன்றாகவே ஓடியது. மெதுவாக ஓடும்போது மட்டும் தாளத்தில் ஒரு தட்டு கொஞ்சம் தள்ளி விழுகிற மாதிரி இருந்தது. கேட்டேன். கேட்டுவிட்டு, மழை ஈரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ராஜகோபால் சார் அந்த வாரம் வேறு ஊரில் மாட்டிக்கொண்டார், வரவில்லை. வந்து கம்பியில் கை வைத்திருந்தால் ஒரு நிமிஷத்தில் இஞ்சினைக் கழற்றி இறக்கச் சொல்லியிருப்பார்.

பதினோராம் நாள் காலை, கச்சிராயபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரக் கரும்பில் விமானம் விழுந்தது. கேப்டன் மோகன் அங்கேயே இறந்துபோனார். அது விழுந்த நேரத்தில், காது உள்ள மெக்கானிக் என்று பேர் வாங்கிய நான், ஓடுபாதை ஓரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒருத்தர் சைக்கிளில் மூச்சிரைக்க வந்து சொல்லித்தான் தெரியும்.

மூக்கு சேற்றுக்குள் புதைந்து கிடந்தது. பாதி எரிந்திருந்தது. வயல் வரப்பில் நின்ற ஒரு பனையின் தலை வெட்டுப்பட்டிருந்தது. இஞ்சின் அடிப்பக்கம் உடைந்து, கீழ்ப்பக்கத்தில் இருக்கும் ஐந்தாம் சிலிண்டரின் ராடு வெளியே எட்டிப் பார்த்தது. மற்றவர்கள் அதை விழுந்த வேகத்தில் உடைந்தது என்று நினைத்தார்கள். பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. வீராசாமிக்கும் தெரிந்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மத்தியானம் ராஜகோபால் சார் வந்தார். சேற்றில் இறங்கி, இஞ்சினைச் சுற்றி வந்து, அந்த ராடுக்குப் பக்கத்தில் ரொம்ப நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து என்னிடம் கேட்டார்.

"மழைக்கு அப்பறம் கிளப்பின அன்னிக்கு, எத்தனை?"

"பன்னண்டு சார்."

என் முகத்தைப் பார்த்தார். நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் ஓய்வு பெறும்வரை பல வருஷம் அவர் கீழே வேலை செய்தேன். மற்ற எல்லாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டார். என்னிடம் மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை. நான் சுற்றிய இஞ்சினை இன்னொருத்தனை விட்டு மறுபடி சுற்றச் சொல்வார். அடித்திருந்தால் தேவலை.

விசாரணைக்கு மூன்று அதிகாரிகள் வந்தார்கள். யாருக்கும் தமிழ் தெரியாது. அவர்கள் முன்னால் இருந்த கேள்வி சின்னது. விமானம் தாழப் பறந்து பனையில் மோதி விழுந்து இஞ்சின் உடைந்ததா, அல்லது இஞ்சின் முதலில் உடைந்ததால் விமானம் இறங்கிப் பனையில் மோதியதா? முதலாவது என்றால் தப்பு ஓட்டியவருடையது. இரண்டாவது என்றால் எங்களுடையது, அதாவது என்னுடையது. இதற்கு ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது.

அஞ்சலை என்று பெயர். கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் கூலி வேலை செய்தவர், அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். மருந்தடிக்கும்போது வயலின் இரண்டு கோடியிலும் ஆள் கொடி பிடித்து நிற்க வேண்டும். அந்த நேர்கோட்டில்தான் விமானம் வரும். தலைக்கு மேல் தென்னை உயரத்தில் கடந்து போனதும், கொடிக்காரர் நாற்பதடி நகர்ந்து அடுத்த கோட்டுக்குப் போக வேண்டும். கொடி பிடித்த புருஷனுக்குக் காய்ச்சல் வந்ததால் அந்த வேலைக்கு அஞ்சலை வந்தார். ஒரு மாதமாக மலைப்பக்கக் கோடியில் நின்றவர் அவர்தான். கரும்பு மறைப்பதால் விமானம் கண்ணுக்குத் தெரியாது. சத்தத்தை வைத்துத்தான் எவ்வளவு தூரம், எப்போது குனிய வேண்டும், எப்போது நகர வேண்டும் என்று தெரிந்துகொள்வார். எங்கள் எல்லாரையும்விட அந்த இஞ்சினை அதிகம் கேட்டவர் அவர். கயிற்றுக்குப் பின்னால் நின்று ரசிக்க அவருக்குப் பொழுது கிடைத்ததில்லை.

அதிகாரிகள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சலை புடவைத் தலைப்பைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையில் நின்றார். ராஜகோபால் சார் அன்று அங்கே இல்லை. இங்கிலீஷ் பேசத் தெரிந்த உள்ளூர்க்காரன் என்பதால் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

"சத்தம் நின்னுச்சிங்க" என்றார் அஞ்சலை. "மொதல்ல டப்புனு ஒண்ணு கேட்டுச்சி. அப்பால சத்தமே இல்ல. இன்னாடா இதுன்னு நிமுந்து பாக்கறேன், ஊமையா வருது. அப்பாலதான் பனையில இடிச்சி வுழுந்துச்சி. தெனம் தல மேல கேக்கற சத்தங்க. எனக்குத் தெரியாதா?"

என்ன சொல்கிறாள் என்று அதிகாரி கேட்டார்.

பனையில் மோதி விழுந்தது, அதன் பிறகு சத்தம் நின்றுவிட்டது என்று சொல்கிறாள் என்றேன்.

எழுதிக்கொண்டார். நான் பேசி முடிக்கும்வரை அஞ்சலை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும், ஆமாம் என்று மூன்று பேரையும் பார்த்துத் தலையாட்டினார். தான் சொன்னதைத்தான் நான் சொல்கிறேன் என்று நம்பினார்.

கேப்டனின் மனைவி, தன் அண்ணனோடு காரில் வந்து அவருடைய பெட்டியை வாங்கிக்கொண்டு போனார். காரில் ஏறப் போனவர் திரும்பி வந்து என்னிடம் கேட்டார். "அவரு அவ்வளவு தாழப் பறப்பாருங்களா? வீட்டுல மாடிப்படி ஏறினாக்கூட கைப்பிடியப் புடிச்சுட்டு ஏறுற மனுசனுங்க." நான், "விசாரணைல பாத்துக்குவாங்கம்மா" என்றேன். விசாரணையில் பார்த்துக்கொண்டார்கள். ஓட்டியவரின் கவனக்குறைவு என்று அறிக்கை வந்தது.

அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் கீழ்ச் சிலிண்டர் பிளக்கைக் கழற்றி வடித்தேன். பிளக் கோதண்டம் என்று கிண்டல் செய்தார்கள். எத்தனை பிளக் கழற்றினாலும் ஒரு மனுஷன் திரும்பி வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். இஞ்சினைக் கிளப்பும்போது ராஜகோபால் சார் மாதிரி நானும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன். அவர் பயத்தில் வைத்தார், நான் அந்தச் சத்தத்தைக் கேட்கும் யோக்கியதை இல்லாமல் வைத்தேன். பிறகு மருந்தடிக்கும் வேலையே நின்றது, கம்பெனியும் மூடியது. ராஜகோபால் சார் போய்ச் சேர்ந்தார். வீராசாமி போய்ச் சேர்ந்தான். எனக்குத் தெரிந்ததைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்று ஆனபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதை நினைத்தால் இப்போது என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். ஜமால் பாயின் பேரன் பழைய ஸ்பூல்களை உங்களுக்குக் கொடுத்ததையும், அதில் என் பெயர் எழுதிய ஒன்று இருந்ததையும், உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் இஞ்சின் ரசிகர்கள் அதைக் கேட்டுவிட்டுப் புகழ்வதையும் சொன்னீர்கள். உங்களில் கண்ணாடி போட்ட தம்பி சொன்னது இது: "ஐடில்ல, அதாவது மெதுவா ஓடறப்ப, ஒரு பீட் மட்டும் கொஞ்சம் தள்ளி விழுது பாருங்க சார். அதுதான் சார் இந்த ரெக்கார்டிங்கோட அழகே. வேற எந்த இஞ்சின்லயும் இது கிடைக்கலை."

கிளம்பும் சத்தத்துக்கு முன்னால் கொஞ்சம் வெறும் பேச்சு இருக்கிறது, அதை வெட்டிவிட்டுத்தான் வெளியிட்டோம் என்றீர்கள். அதையும் போடச் சொல்லிக் கேட்டேன். போட்டீர்கள். வீராசாமி எண்ணுகிறான். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. பிறகு ஒன்றுமில்லை. யாரோ இருமுகிறார்கள்.

"அண்ணே, தடுக்குதுண்ணே."

"பின்னால தள்ளு."

"பின்னாலயாண்ணே?"

"தள்ளுடா. பாய் டேப்பு ஓடிகினு இருக்குது இல்ல."

அது என் குரல். திடமான, சந்தோஷமான, முப்பத்தைந்து வயதுக் குரல். பிறகு கேப்டன் கேட்கிறார். நான் பன்னண்டு என்கிறேன். நான் ஹெட்போனைக் கழற்றி மடியில் கவிழ்த்து வைத்ததைப் பார்த்து, பழைய ஞாபகம் வந்துவிட்டது போல என்று நீங்கள் உருகிப்போய்த் தண்ணீர் கொடுத்தீர்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. அதே இடத்தில் மயங்கியவன்தானே நான்.

உங்களிடம் அன்றே ஒரு உதவி கேட்டேன், காரணம் சொல்லாமல். கேப்டன் மோகனின் குடும்பம் எங்கே என்று தேடிப் பார்க்கச் சொன்னேன். அந்த அம்மா இறந்துபோய் இரண்டு வருஷம் ஆகிறது என்று விசாரித்துச் சொன்னீர்கள். புருஷன் கவனக்குறைவால் செத்தார் என்ற பேச்சோடே வாழ்ந்து முடித்துவிட்டார். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு நான் எழுதிய கடிதத்துக்கு இதுவரை பதில் இல்லை. இரண்டு வருஷம் முன்னால் நீங்கள் வந்திருக்கக் கூடாதா என்று உங்கள்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் நான் சும்மா இருந்ததை மறந்துவிட்டு.

மிச்சம் இருந்தது ஒரே ஒருத்தர்தான். அவரைத் தேட வேண்டியதே இல்லை. அஞ்சலையம்மாள் இதே ஊரில், கருணாபுரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார் என்பது எனக்குப் பல வருஷமாகத் தெரியும். அந்தத் தெருப் பக்கம் நான் போவதில்லை. மருந்துக் கடைக்குப் போக வேண்டுமென்றாலும் சுற்றிக்கொண்டுதான் போவேன். போன மாதம் ஒருநாள் காலை பதினொரு மணிக்கு நேராகப் போனேன்.

வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்துக் கொடுத்தால் கூலி. பேரைச் சொன்னதும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"மெக்கானிக்கு சாரா? உக்காருங்க சார். வூட்ல யாரும் இல்ல, பொண்ணு வேலைக்கி போயிகிறா."

செல்போனை எடுத்து அந்தச் சத்தத்தைப் போட்டேன். கை புளியைப் பிரித்துக்கொண்டே இருந்தது. தலை மட்டும் சாய்ந்தது.

"இதான். இதான் அது" என்றார். கொஞ்சம் கேட்டுவிட்டு, "நொண்டுது பாருங்க" என்றார்.

"என்னம்மா?"

"நொண்டுதுங்க. கடசி பத்து நாளா இப்படித்தான் நொண்டிகினு இருந்துச்சி. அந்தப் பைலட் அய்யாகிட்ட சொல்லலாம்னு நெனச்சேன். கொடி புடிக்கற கூலிக்காரி, நாம போயி இன்னாத்த சொல்றதுன்னு வுட்டுட்டேன். சொல்லியிருக்கணும். இன்னி வரைக்கும் அதுதான் மனசுல கெடந்து அறுக்குது."

இத்தனை வருஷமும் அந்தச் சாவுக்குத் தன்னையும் ஒரு காரணமாக நினைத்துக்கொண்டிருந்தது அந்த மனசு. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். நாலாவது பிளேடு, பின்பக்கம் தள்ளியது, பன்னிரண்டு என்று சொன்னது. கடைசியாக, விசாரணை அன்று அவர் சொன்னதை நான் எப்படி மாற்றிச் சொன்னேன் என்பதையும் சொன்னேன்.

புளியில் இருந்த கை நின்றது.

"நான் சொன்னத நீ சொல்லலையா?"

அதுவரை சார் என்றும் வாங்க என்றும் பேசியவர்.

"சொல்லலம்மா."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் வாங்கிக்கொண்டு எழுந்து வந்திருப்பேன்.

"கூலிக்காரி பேச்சு எடுபடலன்னுதான் நெனச்சிகினு இருந்தேன்" என்றார். "பெரிய மனுசங்க, நம்ம பேச்ச கேட்டுட்டு தள்ளிட்டாங்கன்னு. அவங்க தள்ளவே இல்ல. என் பேச்சு அவங்ககிட்ட போவவே இல்ல."

மன்னிப்பு என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதைக் காதில் வாங்காதவர் மாதிரி, மடியில் இருந்த புளியைத் தட்டிவிட்டு, அன்று நின்ற மாதிரியே தலைப்பைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"இப்ப சொல்லு" என்றார்.

"என்னம்மா?"

"அன்னிக்கு நான் சொன்னத. அவங்ககிட்ட சொல்ற மாதிரி. இங்கிலீசுலயே சொல்லு. நான் கேக்கறேன்."

கருணாபுரத்துத் தெருவில், புளிச் சாக்குக்கு முன்னால் உட்கார்ந்து, முதலில் சத்தம் நின்றது, அதன் பிறகுதான் விழுந்தது என்று இங்கிலீஷில் சொன்னேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிறுத்திய பிறகும், இன்னும் ஏதோ வரும் என்பது போலக் காத்திருந்தார்.

"இவ்ளோதானா?" என்றார்.

"இவ்ளோதாம்மா."